வலது மேல் மூலை

போன மாதம் ஆரணியில் எங்கள் கொட்டகையில் பழைய படம் ஒன்றைத் தூசு தட்டி மறுபடி ஓட்டினார்கள். 'எங்கள் கொட்டகை' என்று சொல்வது என் பழக்க தோஷம். முப்பத்தெட்டு வருஷம் அங்கே ஆபரேட்டராக இருந்துவிட்டு நான் வெளியே வந்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது அதற்குக் குளிர்சாதனம், சாய்ந்துகொள்ளும் நாற்காலி, வாயில் நுழையாத பெயர் எல்லாம் வந்துவிட்டன. அன்றைக்கு ஒரு பாட்டு முடிந்ததும் ரசிகர்கள் வழக்கப்படி 'ஒன்ஸ் மோர்' கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் பிரவீண் மாடிக்கு ஓடியிருக்கிறார். படம் ஓட்டும் பெட்டி கடவுச்சொல் கேட்டிருக்கிறது. கடவுச்சொல் தெரிந்தவர் லீவில் இருந்திருக்கிறார். ரசிகர்களின் கோபத்தில் இரண்டு நாற்காலி போயிற்று.

மறுநாள் காலையில் பிரவீண் எனக்குப் போன் போட்டார். என்ஜினியரிங் படித்தவர், மரியாதை தெரிந்தவர்.

"சார், உங்க காலத்துல ஒன்ஸ் மோர் கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

"ரீலைத் திரும்பச் சுத்திப் போடுவோம். வேற இன்னா பண்றது?"

"எல்லாப் படத்துக்குமா?"

"ஒரே ஒரு படத்துக்குத்தான் போடல. அது செக்கோஸ்லோவாகியா படம். ராஜா காலத்துக் கதை."

அவர் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துவிட்டது. ஆரணிக்காரன் அந்தப் படத்துக்கு ஒன்ஸ் மோர் கேட்டான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எழுதிக் கொடுங்கள், நம்முடைய முகநூல் பக்கத்தில் போடலாம், ஆனால் சின்னதாக இருக்கட்டும், ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்றார். மூன்று மணி நேரம் பனியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த ஜனங்களைப் பற்றி எழுதப்போகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? நான் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

எனக்குத் தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, பஸ் ஏறி ஆரணிக்கு வந்து, கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன், டார்ச் அடித்தேன், போஸ்டர் ஒட்டினேன். நாலு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் மாடி அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அங்கேதான் தனகோட்டி மாஸ்டர் இருந்தார்.

மாடி அறை ஏழடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் இரண்டு புரொஜெக்டர்கள், மூலையில் ரீல் சுற்றும் மேஜை, சுவரில் இரண்டு சிறிய கண்ணாடி ஜன்னல்கள். கரிக்குச்சியை எரித்து வெளிச்சம் உண்டாக்கும் காலம் அது. உள்ளே சித்திரை மாதத்தில் நின்றால் மனிதன் வெந்துவிடுவான். மாஸ்டர் அங்கே முழுக்கைச் சட்டை போட்டு, மேல் பொத்தான் வரை பூட்டி நிற்பார்.

முதல்நாள் நான் வாசலில் நின்று வணக்கம் வைத்தேன். அவர் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். என் விரல் ஒவ்வொன்றையும் பிடித்துத் தடவினார். நகத்தின் ஓரத்தில் தன் பெருவிரலை ஓட்டினார். பிறகு, "நகம் வெட்டிகினு வா. பிலிம்ல கீறல் உழுந்தா அது உன் மூஞ்சில உழுந்த மாதிரி" என்று சொல்லி வெளியே அனுப்பினார். வெட்டிக்கொண்டு வந்தேன். மறுபடி தடவினார், மறுபடி அனுப்பினார். இப்படி மூன்று நாள். நாலாம் நாள் உள்ளே விட்டார். அதற்குப் பிறகும் தினமும் காட்சிக்கு முன்னால் கை நீட்டினால்தான் வேலை.

படம் ஓடும்போது அவர் பேசமாட்டார். கையில் ஒரு திருப்புளி இருக்கும். இரும்பு மேஜையில் ஒரு தட்டு தட்டினால் கரிக்குச்சியைக் கவனி. இரண்டு தட்டினால் அடுத்த ரீலுக்குத் தயாராகு. மூன்று தட்டினால் நான் ஒரு முட்டாள் என்று அர்த்தம். மூன்று தட்டுதான் அதிகம் கேட்கும்.

அவர் எனக்குப் போட்ட பெரிய சட்டம் இன்னொன்று. "படத்தைப் பாக்கக் கூடாது. வலது மேல் மூலைய மட்டும் பாரு." ஒரு ரீல் முடியப்போகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டுகிற நேரம் வந்து போகும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி. அதைப் பார்த்ததும் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். விட்டால் திரை வெள்ளையாகிவிடும். கீழே இருப்பவர்கள் ஆபரேட்டரின் தாயார், தமக்கை எல்லோரையும் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் மாடி வேலையின் முதல் சில வருஷங்களில் நான் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. மூலையை மட்டும் பார்த்தேன். எத்தனையோ கதாநாயகர்கள் என் எதிரே காதலித்தார்கள், செத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கு வலது பக்கம் இருந்த தென்னை ஓலையும் மேகமும்தான். கல்யாணமான புதிதில் என் மனைவி, "அந்தப் படத்துல கடைசியில அவ புருஷன்கிட்ட போயிட்டாளா?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஒரு மின்விசிறி சுத்திகினு இருந்திச்சி" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சினிமாவைப் பற்றிக் கேட்பதில்லை.

மூன்றாவது மாதம் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மாஸ்டர் ஏன் ஜன்னலுக்கு வருவதே இல்லை? 'நீ புள்ளியப் பாரு, மிஷின் என் பொறுப்பு' என்று ஏன் பிரித்தார்? பிலிமைப் பல்சக்கரத்தில் கோர்க்கும்போது ஏன் முகம் வேறு பக்கம் இருக்கிறது? வெளிச்சம் குறைந்தால் அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கரிக்குச்சி எரியும் இரைச்சலைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார். என் கையைத் தடவிப் பார்த்தது கண்டிப்பால் இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. முப்பது வருஷம் கரிக்குச்சி வெளிச்சத்தைப் பார்த்த கண். ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். நான் கண்டுகொண்டது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதலாளிக்குச் சந்தேகம் இருந்தது. வேலூரில் ஒரு ஆபரேட்டரைப் பேசி வைத்திருந்தார். ஏதாவது ஒரு தப்பு நடக்கட்டும் என்று காத்திருந்தார். தப்பு நடக்கவில்லை. அந்த அறையில் கண் இருந்த நான்தான் அடிக்கடி தடுமாறினேன். மாஸ்டர் தடுமாறியதே இல்லை.

இந்த நிலையில்தான் ஆரணியில் உலகத் திரைப்பட ரசிகர் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். செயலாளர் ஒரு பேராசிரியர், ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர், பெயர் சந்தானம். தலைவர் ஒரு பட்டு ஜவுளிக்காரர். அவர் பார்த்த படங்களை ஒரு கை விரலில் அடக்கலாம், ஆனால் தலைவர் என்றால் மேடையில் நடு நாற்காலி உண்டு என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். அவர்கள் மாதாமாதம் ஒரு வெளிநாட்டுப் படம் வரவழைத்து, எங்கள் கொட்டகையில் பார்த்து, பிறகு காபி குடித்துக்கொண்டு மனித குலத்தைப் பற்றி வருத்தப்படுவார்கள். வீட்டுக்குப் போனால் வருத்தம் தீர்ந்துவிடும்.

இரண்டு மூன்று படம் இப்படி ஓடிய பிறகு பேராசிரியர் ஒரு பெரிய காரியம் செய்தார். வெளிநாட்டுப் பொக்கிஷம் ஒன்று, கறுப்பு வெள்ளை, இடைக்காலத்துக் கதை, செக் மொழி, ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாராது வந்த பிரதி. அதைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டார். கொட்டகை லைசென்ஸைப் புதுப்பிக்கும் காகிதம் அந்த அதிகாரியின் மேஜையில்தான் இருந்தது. முதலாளி உடனே உலகத் திரைப்பட ரசிகராகிவிட்டார்.

படப்பெட்டியோடு ஒரு கடிதமும் வந்தது. பேராசிரியர் மாடிக்கு வந்து வாசித்தார். பிரதியை ஒரு முறைக்கு மேல் ஓட்டக் கூடாது. வெட்டக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது.

"அப்போ இடைவேளை?" என்றார் மாஸ்டர்.

"உன்னதமான கலைக்கு இடைவேளை கிடையாது, மிஸ்டர் தனகோட்டி."

"கலைக்கு வேணாம் சார். பாக்கறவனுக்கு ஒண்ணுக்கு வருமே."

பேராசிரியர் கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பின்னாலேயே முதலாளி ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாஸ்டர், இந்தப் படத்துல ஒரு புகார் வந்துச்சின்னு வெச்சிக்கோ, அன்னிக்கே நீ வூட்டுக்குப் போயிடலாம். வேலூர் ஆளு ரெடியா கீறான். கண்ணு வேற உனக்கு ஒரு மாதிரின்னு பேசிக்கிறாங்க."

மாஸ்டர் அப்போது தன் இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இருக்கும் அப்பா, வேலை போன அப்பா என்று இரண்டு வகை உண்டு, மாப்பிள்ளை வீட்டார் முதல் வகையைத்தான் விரும்புவார்கள். "வராதுங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி போன பிறகு திருப்புளியால் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். அது எந்தக் கணக்கிலும் சேராத தட்டு.

இன்னொரு சிக்கல் இருந்தது. அறுநூறு நாற்காலியில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? கழகத் தலைவர் அதைத் தீர்த்து வைத்தார். அமாவாசையில் தறி ஓடாது, நெசவாளிகளுக்கு லீவு. அன்று காலைக் காட்சியாகப் போட்டு, தன்னிடம் நெய்கிறவர்கள், தெரிந்தவர்களிடம் நெய்கிறவர்கள் எல்லோரையும் இலவசமாக வரச் சொல்லிவிட்டார். 'கத்திச் சண்டை உண்டு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து விட்டார். அறுநூறு இடமும் நிரம்பி, சிலர் சுவரோரம் நின்றார்கள்.

படம் ஆரம்பித்தது. கதை நான் பிற்பாடு புரிந்துகொண்டது. ஒரு கோட்டை, அதில் ஒரு பிரபு, அவனுக்கு எந்நேரமும் கோபம். எதிர்க் கோட்டையில் இன்னொரு பிரபு, அவனுக்கும் கோபம். நடுவில் பனி. முதல் பிரபு ஒரு பெண்ணைத் தூக்கிவந்து கோபுரத்தில் அடைத்து, தன் மகன் கல்யாணத்துக்குத் துணி நெய்யச் சொல்கிறான். துணி முடிந்தால் விடுதலை. இதற்குள் ஐம்பது குதிரைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகின்றன.

படத்தின் அடியில் ஆங்கில எழுத்து வரும், அதைப் படித்தால் எல்லாம் விளங்கும் என்று பேராசிரியர் மேடையில் சொல்லியிருந்தார். எழுத்து வெள்ளை. பனியும் வெள்ளை. இங்கிலீஷ் தெரிந்த இருபத்திரண்டு பேரும் தெரியாத மற்றவர்களும் ஆரணி சரித்திரத்தில் முதல் முறையாகச் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வித்தியாசம், புரியாததைப் புரியவில்லை என்று நெசவாளிகள் சத்தமாகச் சொன்னார்கள். அதிகாரி மூன்றாவது ரீலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

நாலாவது ரீலின் கடைசியில் கோபுரத்து அறை வந்தது. அறைக்குள் தறி.

கொட்டகையில் சத்தம் சட்டென்று நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அறுநூறு பேர் மூச்சை நிறுத்தினால் முதுகில் தெரியும். பிறகு ஒரு குரல்: "பாவு நூலு தொளதொளன்னு கீதுபா. இப்டி நெய்ஞ்சா கோணிகூட வராது." இன்னொரு குரல்: "கால் மிதியப் பாருய்யா, நம்ம தறி மாதிரியே." பேராசிரியர் 'உஷ்' என்றார். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. திரையில் அந்தப் பெண் நெய்கிறாள், ஒரு இழை அறுகிறது, அவள் அதைச் சேர்க்கிறாள், தொடர்ந்து நெய்கிறாள். நான் முதல் புள்ளியைப் பார்த்தேன், சொன்னேன். இரண்டாம் புள்ளி, சொன்னேன். மாஸ்டர் மாற்றினார். ஐந்தாவது ரீல் ஓட ஆரம்பித்தது, மறுபடி குதிரைகள்.

கீழே வெடித்தது.

"முடிச்சு போட்டாய்யா அவ!"

"யோவ், முறுக்கித்தான் சேத்தா! நான் பாத்தேன்!"

விஷயம் இதுதான். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாம், இரண்டு முனையையும் விரலால் முறுக்கியும் சேர்க்கலாம். எந்த நேரத்தில் எது சரி என்பதில் ஆரணி நெசவாளிகளுக்குள் பேச்சு வந்தால் சம்பந்தமே முறிந்துபோகும். முடிச்சுக் கட்சிக்கு ஏகாம்பரம் என்பவர் முன்னால் நின்றார், முறுக்குக் கட்சிக்குப் பச்சையப்பன் என்பவர். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். திரையில் இரண்டு பிரபுக்களும் வாளை உருவிக்கொண்டு மோதினார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஆபரேட்டர்! அந்தத் தறி சீனைத் திரும்பப் போடு! ஒன்ஸ் மோர்!"

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

நாற்காலிகளை மடக்கி மடக்கி அடித்தார்கள். பேராசிரியர் எழுந்து நின்று, "நண்பர்களே, அந்த அறுந்த இழை மனித விதியின் குறியீடு" என்று கத்தினார். "அது இருக்கட்டும் சார், முடிச்சா முறுக்கா, அதைச் சொல்லு" என்று ஒருவர் கேட்டார். பேராசிரியருக்கு அது தெரியவில்லை. மாடியை நோக்கித் திரும்பி, "நிறுத்தினால் எழுதிப் போடுவேன்!" என்று விரலை ஆட்டினார்.

ரீலைத் திரும்ப ஓட்டினால் புகார். ஓட்டாவிட்டால் கொட்டகை நாற்காலி மிஞ்சாது, அதற்கும் புகார். மாஸ்டர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ பாத்தியா? அந்தப் பொண்ணு இன்னா பண்ணா?"

"தெரியல மாஸ்டர். நான் மூலையப் பாத்துகினு இருந்தேன்."

தான் போட்ட சட்டம் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். வெளிச்சத்தை மூடி, மோட்டாரை நிறுத்தினார். "லைட்டப் போடு. இடைவேளைன்னு சொல்லு. அந்த ரெண்டு பேரையும் ஜல்தியா இங்க கூட்டிகினு வா."

"மேலயா? வெளியாளையா?"

திருப்புளி மூன்று தட்டு தட்டியது. ஓடினேன்.

ஏகாம்பரமும் பச்சையப்பனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே படியேறினார்கள். மாஸ்டர் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். "கையக் குடுங்க" என்றேன். ஏகாம்பரத்தின் விரல்களையும் பச்சையப்பனின் விரல்களையும் மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தடவினார். பட்டு நெய்கிறவர்கள் கையை முரடாக விடமாட்டார்கள், ஒரு சொரசொரப்பு இருந்தால் இழையில் சிக்கும். நகத்தின் ஓரத்தில் பெருவிரலை ஓட்டிவிட்டு மாஸ்டர், "இந்தக் கை பிலிமைத் தொடலாம்" என்றார். எனக்கு மூன்று நாள் ஆனது. அவர்களுக்கு அரை நிமிஷம். எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நாலாவது ரீல் சுற்றும் மேஜையில் இருந்தது. மாஸ்டர் முனையிலிருந்து மெல்லப் பின்னால் சுற்றினார். இதைத் திரும்ப ஓட்டுவது என்று யாரும் சொல்ல முடியாது, எப்படியும் சுற்றித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். நான் கட்டம் கட்டமாகப் பார்த்து, "இங்க, மாஸ்டர்" என்றேன். பிலிமை ஓரத்தில் பிடித்து, விளக்குக்கு முன்னால் நீட்டி, பூதக்கண்ணாடியை அவர்களிடம் கொடுத்தோம்.

அதே நேரத்தில் கீழே ஒலிபெருக்கி கரகரத்தது. வெளிச்சம் வந்ததும் அதிகாரி விழித்துக்கொண்டார். வெளிச்சம் வந்தால் படம் முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. யாரும் தடுப்பதற்குள் மேடை ஏறிவிட்டார்.

"இந்த மகத்தான திரைக்காவியத்தின் இறுதிக் காட்சி என் நெஞ்சை உருக்கிவிட்டது" என்ற குரல் மாடிவரை வந்தது.

பச்சையப்பன் பூதக்கண்ணாடியை ஏகாம்பரத்திடம் கொடுத்தார். ஏகாம்பரம் பார்த்தார். மறுபடி பச்சையப்பன் வாங்கிப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் சண்டை போய்விட்டிருந்தது.

"அந்த வீரர்களின் தியாகம் வீண் போகாது" என்றார் அதிகாரி கீழே.

"இழை தெரியல" என்றார் ஏகாம்பரம். "ரொம்பச் சன்னம். முடிச்சா முறுக்கான்னு சொல்ல முடியாது. ஆனா மாஸ்டர், இது அந்தப் பொம்பள கை இல்லீங்க."

"இன்னா சொல்றீங்க?"

"மூஞ்சி காட்டுற வரைக்கும் அந்த அம்மா கை. வெள்ளையா, மோதிர அச்சோட கீது. இழை அறுந்ததும் வேற கை வருது பாருங்க. கெழவன் கை. ஆள்காட்டி விரல் ஓரமா கோடு உழுந்திருக்கு. காலம்பூரா இழை ஓடுன கோடு. எங்கியோ ஒரு தறிக்காரனப் புடிச்சாந்து அந்த அம்மா ரவிக்கைய மாட்டி, கைய மட்டும் படம் புடிச்சிருக்கான்."

அந்த மகத்தான இயக்குநர் ஐம்பது குதிரை ஓட்டியிருக்கிறார், கோட்டை கட்டியிருக்கிறார். ஆனால் ஒரு இழை சேர்க்க நடிகையால் ஆகவில்லை, பெயரில்லாத ஒரு கிழவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் புகழ்ந்த படமாம். அதை ஆரணியில் அமாவாசை லீவில் வந்த இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள்.

மாஸ்டர் பிலிமைக் கையில் வாங்கினார். கண்ணுக்கு நேரே தூக்கவில்லை. ஓரத்தை விரலால் தடவி, துளைகளை எண்ணி, அப்படியே மேஜைச் சக்கரத்தில் கோர்த்தார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. ஏகாம்பரம் அதைக் கவனித்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவருடைய விரலைப் பார்த்தார். பிலிம் ஓரம் முப்பது வருஷம் ஓடி, அந்த ஆள்காட்டி விரலிலும் ஒரு கோடு இருந்தது. நான் பயந்துபோய் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இருவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். நானும் கூடப் போனேன்.

படிக்கட்டின் அடியில் முதலாளி வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

"மேல இன்னாய்யா நடக்குது? நீங்க உள்ள போய்ப் பாத்தீங்க இல்ல, நிஜத்தச் சொல்லுங்க. மாஸ்டருக்குக் கண்ணு தெரியுதா தெரியலயா?"

ஏகாம்பரம் நின்றார். முதலாளியை விட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் மறுநாள் வேலூர் பஸ்ஸில் ஆள் வந்து இறங்கியிருப்பான்.

"அவரு கையப் பாத்தோம்ங்க" என்றார். "தப்பு பண்ற கை இல்ல."

முதலாளிக்கு மேலே கேட்க நேரமில்லை. அதிகாரி பேசி முடித்து, மாலை வாங்கி, வெளியே நடந்துகொண்டிருந்தார். பின்னால் தலைவர், உறுப்பினர்கள், சாப்பாடு ஏற்பாடு செய்திருந்த வீட்டை நோக்கி எல்லோரும். பேராசிரியர் மட்டும் ஒரு கணம் தயங்கினார். நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்று புகார் எழுத அவருக்குக் கை துடித்தது. ஆனால் நடுவில் நிறுத்தினார்கள் என்று எழுதினால், நடுவில் எழுந்து இறுதிக் காட்சியைப் புகழ்ந்தது யார் என்றும் எழுத வேண்டிவரும். பேராசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார். அடுத்த வாரம் அவர் ஒரு பத்திரிகைக்கு அந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். முடிவு பிரமாதம் என்று எழுதியிருந்தார்.

ஏகாம்பரம் திரைக்கு முன்னால் போய் நின்றார். கூட்டம் அடங்கியது.

"முடிச்சா, முறுக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரியல. ஆனா கை தறிக்காரன் கை. சரியாத்தான் போட்டிருப்பான்."

பச்சையப்பன் தலையை ஆட்டினார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. நான் பார்த்த தீர்ப்புகளிலேயே இவ்வளவு சீக்கிரம் எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு வேறு கிடையாது. யாரும் எழுந்து போகவில்லை. வெளியே போய் டீ குடித்தவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "மிச்சத்தப் போடுங்கபா, அந்தப் பொண்ண வுட்டானா இல்லியா பாப்போம்" என்றார்கள். உலகத் திரைப்பட ரசிகர் கழகத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத கொட்டகையில் உலகத் திரைப்படத்தின் மிச்சம் ஓட ஆரம்பித்தது.

கீழே நடந்ததை நான் மாஸ்டரிடம் சொன்னேன். முதலாளி கேட்டது, ஏகாம்பரம் சொன்னது. அவர் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். அந்த அறையில் அவர் பொத்தானைக் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னல் பக்கம் வந்தார். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"கன்னியப்பா, படத்துல இன்னாடா நடக்குது?"

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. "மூலையப் பாக்கணுமே மாஸ்டர்" என்றேன்.

"மூலைய வுடு. முழுசாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மாடி அறைக்கு வந்த பிறகு ஒரு திரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முதல் முறையாகப் பார்த்தேன். எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். பிரபு சாப்பிடுகிறான் மாஸ்டர், நாய்க்கு எலும்பு போடுகிறான். ஒரு சாமியார் வந்து திட்டுகிறார். பொண்ணு நெய்கிறாள். அவர் நடுநடுவே கேட்டார், குதிரை என்ன நிறம், பொண்ணு அழுகிறாளா, பனி எப்படி இருக்கும் என்று. அமாவாசைக்கு வெட்டி வைத்த பூசணிக்காய் உள்ளே இருக்குமே அந்த வெள்ளை என்றேன். ஏழாவது ரீலில் துணி முடிந்தது. கோபுரக் கதவு திறந்தது.

"வெளிய வந்துட்டா மாஸ்டர். துணியப் போத்திகினு கீறா. பனியில நடந்துகினே போறா. ரொம்ப தூரம். சின்னதா ஆயிட்டா. இப்போ ஒரு புள்ளி மாதிரி..."

புள்ளியை விட்டுவிட்டேன். இரண்டு புள்ளியையும். ரீலின் வால் படபடவென்று அடித்தது, திரை முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

மாஸ்டர் சத்தத்தை வைத்தே பாய்ந்துபோய் அடுத்த மிஷினைப் போட்டார். அதற்குள் ஐந்தாறு விநாடி ஆகியிருக்கும். ஆரணியில் ஐந்தாறு விநாடி வெள்ளைத் திரைக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஒரு நாற்காலி கூட முனகவில்லை. பனி என்று நினைத்தார்களா, அல்லது மேலே இருப்பது இன்னார் கை என்று தெரிந்து பொறுத்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மூன்று தட்டுக்குக் காத்திருந்தேன்.

"புள்ளிய வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன் மாஸ்டர்."

"சரி." அவர் மறுபடி ஜன்னலுக்கு வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்தார். "அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போனா, சொல்லு."